டெரி ஹோலை மறக்காதவர்களைப் பகிடி பண்ணுகிறவர்களுக்கு

டிசம்பர் 18 வந்தால் போதும். ஐம்பத்தைந்து, அறுபது, அறுபத்தைந்து வயது மனிதர்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள், முகநூலில் ஒருவருடைய படத்தைப் போடுகிறார்கள். சிரிக்காத ஒரு முகம், எங்கோ பார்க்கிற கண்கள். அவர்தான் டெரி ஹோல். இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரத்துப் பாடகர், 'த ஸ்பெஷல்ஸ்' இசைக்குழுவின் குரல். 2022 டிசம்பர் 18ஆம் திகதி, 63 வயதில், கணையப் புற்றுநோயால் இறந்தார்.

இந்த முறை நாங்களும் அந்தப் படத்தைப் போட்டோம். பின்னூட்டங்கள் வந்தன. பிரித்துப் பார்த்தால் மூன்று வகைதான்.

முதலாவது: "வயதானவர்கள் தங்கள் இளமைக்காலத்தை நினைத்து அழுகிறார்கள். அந்தப் பாடகர் ஒரு சாட்டு."

இரண்டாவது: "இரண்டு வருடம் பேர் எடுத்த ஒரு ஆள். அதற்குப் பிறகு என்ன செய்தார்? இவருக்கு இவ்வளவு எடுப்பா?"

மூன்றாவது, நமது ஆட்களிடமிருந்து: "சேர், உங்களுக்கு வேறு வேலை இல்லையா? இலங்கையில் இருக்கிற ஒரு முஸ்லிம் ஆசிரியருக்கு இங்கிலாந்துப் பாட்டுக்காரனோடு என்ன தொடர்பு?"

மூன்றுக்கும் பதில் சொல்கிறோம். நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் வாசிக்காமல் பின்னூட்டம் போடாதீர்கள்.

இசை கூடுமா கூடாதா என்ற மஸ்அலாவை இங்கே கொண்டு வரவும் வேண்டாம். அதை உலமாக்களிடம் கேளுங்கள். நாங்கள் கதைக்கப் போவது ஒரு மனிதனின் நடத்தையைப் பற்றியும், அந்த நடத்தையை நாற்பது வருடம் மறக்காத மனிதர்களைப் பற்றியும்.

*

முதலில் ஆள் யார் என்று தெரியாதவர்களுக்காக.

1970களின் கடைசியில், பங்க் இசையின் ஆரவாரம் அடங்கிவந்த நேரத்தில், பிரித்தானியாவில் எழும்பிய இசைக்கு 'நியூ வேவ்' என்று பெயர் வைத்தார்கள். புதிய அலை. அந்த அலையில் ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு பக்கம் போனது. கொவென்ட்ரிப் பிள்ளைகள் போன பக்கம் ஜமெய்க்கா. 1950களின் கடைசியில் ஜமெய்க்காவில் பிறந்த 'ஸ்கா' என்ற துள்ளல் இசையை எடுத்து, பங்க் இசையின் கோபத்தோடு கலந்தார்கள்.

குழுவில் ஏழு பேர். நெவில் ஸ்டேபிளும் லின்வல் கோல்டிங்கும் ஜமெய்க்காவில் பிறந்த கறுப்பினத்தவர்கள். மற்ற ஐந்து பேரும் வெள்ளையர்கள். குழுவைத் தொடங்கியவர் ஜெரி டாமர்ஸ். அவர் ஒரு பாதிரியாரின் மகன். பிறந்த இடத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: 1955இல், தமிழ்நாட்டின் ஊட்டியில். அவர் உருவாக்கிய இசைத்தட்டு நிறுவனத்தின் பெயர் 'டூ டோன்', இரண்டு நிறம். அடையாளம் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். கறுப்பும் வெள்ளையும் ஒரே மேடையில் என்ற அர்த்தத்தை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை.

இன்றைக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அன்றைக்கு அப்படி இல்லை. 'நேஷனல் ஃப்ரண்ட்' என்ற இனவாதக் கட்சி தெருவில் ஊர்வலம் போன காலம் அது. தெற்காசிய முகம் கொண்டவர்களைத் துரத்தி அடிப்பதற்கு ஒரு தனிச்சொல்லே ஆங்கிலத்தில் புழங்கிய காலம். அந்தச் சொல்லை இங்கே எழுத எங்களுக்கு விருப்பமில்லை.

கொவென்ட்ரி அன்றைக்குக் கார் செய்த நகரம். 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் ஒரே இரவில் அதன் நடுப்பகுதியை அழித்தன. போருக்குப் பிறகு கார்த் தொழிற்சாலைகள் அதை நிமிர்த்தின. ஜமெய்க்காவிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். பிறகு தொழிற்சாலைகள் சுருங்கத் தொடங்கின. 1980இல் கென்லியில் இருந்த ட்ரையம்ஃப் கார் உற்பத்தி நின்றது. 1982 ஜனவரியில் பிரித்தானியாவில் வேலை இல்லாதவர்களின் தொகை 30 இலட்சத்தைத் தாண்டியது. வேலை போன இடத்தில் யாரைக் குற்றம் சொல்வது என்று ஒரு கூட்டம் தேடும். எந்த நாட்டிலும் அது முதலில் கைகாட்டுவது பக்கத்து வீட்டு வேற்று ஆளைத்தான். இதை இலங்கையில் இருப்பவர்களுக்கு நாங்கள் படிப்பிக்கத் தேவையில்லை.

அந்த நகரத்தில், அந்த நேரத்தில், இருபது வயதுப் பொடியன் ஒருவன் மேடையில் சிரிக்காமல் நின்று பாடினான். ஆடவில்லை, பல்லைக் காட்டவில்லை. சுற்றி ஆறு பேரும் துள்ள, நடுவில் இவன் மட்டும் யாரோ கட்டாயப்படுத்திக் கூட்டிவந்த ஆளைப் போல நின்றான். அவன்தான் டெரி ஹோல்.

*

இனி முதலாவது குற்றச்சாட்டு: இது வெறும் இளமை ஏக்கம்.

ஏக்கம் என்றால் என்ன? போன நல்ல காலம் திரும்பி வராதா என்று நினைப்பது. சரி, ஸ்பெஷல்ஸ் ரசிகர்களின் நல்ல காலம் எப்படி இருந்தது என்று பார்ப்போம்.

அவர்களுடைய கச்சேரிகளுக்கு இனவாதிகளும் வருவார்கள். தலை மழித்த 'ஸ்கின்ஹெட்' இளைஞர்கள் எல்லோரும் இனவாதிகள் அல்ல. அவர்களில் பலர் ஜமெய்க்கா இசையை உயிராக நேசித்தவர்கள். ஆனாலும் நாஸி சல்யூட் அடிக்கவும், அடிதடிக்கும் என்று வருகிற கூட்டம் ஒன்று இருந்தது. சண்டை தொடங்கினால் குழு வாசிப்பை நிறுத்தும். 1980இல் கேம்பிரிட்ஜில் அப்படி நடந்த சண்டையை நிறுத்தப் போன டெரி ஹோலையும் ஜெரி டாமர்ஸையும் பொலிஸ் பிடித்தது. வழக்கு நடந்து இருவருக்கும் அபராதம் விதிக்கப்பட்டது. சண்டையை நிறுத்தப் போனவனுக்கு அபராதம்! அதே வருடம் லின்வல் கோல்டிங்கை லண்டனில் இனவாதிகள் அடித்துக் காயப்படுத்தினார்கள். அவர் அந்த அனுபவத்தை 'வை?' என்ற பாட்டாக எழுதினார். ஏன் என்ற ஒரே கேள்விதான் தலைப்பு.

1981 ஏப்ரலில் கொவென்ட்ரியின் நடு நகரத்தில், பட்டப்பகலில், சத்னாம் சிங் கில் என்ற இருபது வயது மாணவரை இனவாதக் கும்பல் குத்திக் கொன்றது. குழுவின் சொந்த ஊர். பாட்டுக்காரர்கள் என்ன செய்திருக்கலாம்? அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் பார்த்திருக்கலாம், அடுத்த அல்பத்தைப் பார்த்திருக்கலாம். அவர்கள் ஜூன் 20ஆம் திகதி ஊருக்குள்ளேயே, பட்ஸ் விளையாட்டரங்கில், இனவாதத்துக்கு எதிராகக் கச்சேரி வைத்தார்கள். பயத்தில் பலர் வரவில்லை. ஆனாலும் வைத்தார்கள்.

அந்த வருட ஜூனில் வந்ததுதான் 'கோஸ்ட் டவுன்', பேய் நகரம். கடைகள் மூடிய, வேலை இல்லாத, இளைஞர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிற நகரத்தைப் பற்றிய பாட்டு. அது ஜூலையில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து மூன்று கிழமை அங்கேயே இருந்தது. அதே ஜூலையில் லிவர்பூலின் டொக்ஸ்டெத் உட்பட நாட்டின் பல நகரங்களில் கலவரம். செய்தியில் நெருப்பு, வானொலியில் இந்தப் பாட்டு.

அதை வாங்கிய பதினாறு வயதுப் பிள்ளைகள்தான் இன்றைக்கு அறுபது வயதுக்காரர்கள். இவர்கள் எந்த நல்ல காலத்துக்கு ஏங்குகிறார்கள் என்று சொல்லுங்கள் பார்ப்போம். வேலை இல்லாத காலத்துக்கா? கத்திக்குத்துக்கா? பஸ்ஸில் ஏறினால் அடி விழுமா என்று பார்த்த காலத்துக்கா? அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று அவர்களில் ஒருவர்கூட விரும்பமாட்டார். அவர்கள் விரும்புவது, அந்தக் காலத்தில் பொய் சொல்லாமல் நின்ற ஒரு முகத்தை. எல்லாம் நல்லாயிருக்கிறது என்று தொலைக்காட்சி சொன்னபோது, நல்லாயில்லை என்று அதே தொலைக்காட்சியில் வந்து நின்ற முகம் அது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒரு விஷயம் விளங்கியது: எனக்கு மட்டும்தான் இப்படி என்று இல்லை.

இதை ஏக்கம் என்று சொல்லக்கூடாது. நன்றி என்று சொல்ல வேண்டும். நமது மொழியில் இதற்கு இன்னும் நல்ல சொல் இருக்கிறது: செய்ந்நன்றி.

*

இரண்டாவது குற்றச்சாட்டு: இரண்டு வருடப் பேர், அதற்குப் பிறகு என்ன?

கணக்குப் பார்க்கிறவர்களுக்குக் கணக்கிலேயே பதில் சொல்லலாம். 1981இல் புகழின் உச்சியில் இருந்தபோது டெரி ஹோல், நெவில் ஸ்டேபிள், லின்வல் கோல்டிங் மூவரும் குழுவை விட்டு விலகினார்கள். 'ஃபன் போய் த்ரீ' என்ற பெயரில் இரண்டு அல்பங்கள் போட்டார்கள். பிறகு 'கலர்ஃபீல்ட்'. பிறகு வேறு வேறு குழுக்கள், 1994இல் தனி அல்பம். 2009இல் ஸ்பெஷல்ஸ் திரும்பவும் மேடை ஏறியது. 2019இல் வந்த 'என்கோர்' அல்பம் பிரித்தானியாவில் முதலிடம் பிடித்தது. குழுவின் வரலாற்றிலேயே முதலிடத்துக்கு வந்த முதல் அல்பம் அது. டெரி ஹோலுக்கு அப்போது வயது அறுபதைத் தொட இருந்தது.

ஆனால் விற்பனைக் கணக்கால் இந்த அன்பை அளக்க முடியாது. அதற்கு வேறு ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஆசிரியர்களாகிய எங்களுக்கு அதை எழுதுவது இலேசில்லை.

டெரி ஹோலுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஒரு ஆசிரியர் அவரைக் கடத்திக்கொண்டு போனார். பிரான்ஸுக்குக் கொண்டுபோய், அங்கே இருந்த ஒரு கூட்டத்திடம் விட்டார். பிள்ளை பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானது. சில நாட்களுக்குப் பிறகு தெருவோரத்தில் விட்டுவிட்டார்கள். இதை டெரி ஹோல் தன் வாயாலேயே பிற்காலத்தில் நேர்காணல்களில் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு என்ன கிடைத்தது? பதின்மூன்று வயதில் வேலியம் மாத்திரை. மாதக் கணக்கில் ஒன்றும் செய்யாமல் கட்டிலில் இருந்ததையும், பதினான்கு வயதுக்குப் பிறகு பாடசாலைக்குப் போகாததையும் அவரே சொல்லியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க மனச்சோர்வு அவரோடு நடந்தது. 'பைபோலர்' என்ற மனநிலைக் கோளாறு இருப்பது நடுத்தர வயதில்தான் கண்டறியப்பட்டது.

இப்போது அந்தச் சிரிக்காத முகத்தைத் திரும்பிப் பாருங்கள். பத்திரிகைகள் அதை ஒரு ஸ்டைல் என்று எழுதின. ஆள் கடுகடுப்பு, ஆள் நையாண்டி என்று எழுதின.

1983இல், ஃபன் போய் த்ரீயின் 'வெய்ட்டிங்' அல்பத்தில், 'வெல் ஃபேன்சி தட்' என்ற பாட்டில் அவர் தனக்கு நடந்ததைப் பாடினார். 1983 என்பதைக் கவனியுங்கள். ஆண் பிள்ளைக்கு இப்படி நடக்கும் என்பதையே ஏற்றுக்கொள்ள ஆட்கள் இல்லாத காலம். ஆசிரியரை நம்பு, பாதிரியாரை நம்பு, பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்ற காலம். அந்தக் காலத்தில் ஒரு பொப் பாடகர், பெயர் கெட்டுவிடும் என்று பயப்படாமல், அதைப் பாட்டில் வைத்தார்.

எத்தனையோ ரசிகர்களுக்கு அந்தப் பாட்டின் முழு அர்த்தம் பல வருடங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. விளங்கிய பிறகு அவர்கள் ஓடவில்லை. "ஐயோ, இந்த ஆளின் பாட்டை இனி எப்படிச் சந்தோஷமாகக் கேட்பது" என்று சொல்லவில்லை. அவரை நம்பினார்கள். அவர் மேடைக்கு வராத வருடங்களில் காத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது, அதே சிரிக்காத முகத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். இப்போது தெரிந்துகொண்டு கைதட்டினார்கள்.

ஒரு பிள்ளையைப் பாடசாலை கைவிட்டது. முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான மனிதர்கள் கைவிடவில்லை. இந்த அன்பைப் பார்த்துப் பகிடி பண்ண உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

இங்கே நமது ஆட்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிரியர்களுக்கும் அதிபர்களுக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும், மத்ரஸா நடத்துகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். பிள்ளைக்கு ஏதாவது நடந்துவிட்டது என்று தெரிய வந்தால் நமது வாயிலிருந்து முதலில் வருகிற வசனம் என்ன? "பாடசாலையின் பெயர் கெட்டுவிடும்." "ஊருக்குள் கதை வந்தால் சமூகத்துக்கு அவமானம்." "அந்த சேர் நல்ல மனிதர், தொழுகையாளி." பிள்ளையின் பெயர் எங்கே? பிள்ளையின் மானம் எங்கே? வாய் திறக்காத பிள்ளையை, சிரிக்காத பிள்ளையை, வகுப்பில் பின்வாங்கில் இருந்து ஜன்னலைப் பார்க்கிற பிள்ளையை நமது ஆசிரியர் ஓய்வறைகளில் எப்படிக் கதைக்கிறார்கள்? "தலைக்கனம்." "மரியாதை தெரியாதது." "உருப்படாது."

கொவென்ட்ரியிலும் யாரோ ஒரு ஆசிரியர் அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்து இப்படித்தான் நினைத்திருப்பார். இது எங்கள் ஊகம்தான். ஆனால் பாடசாலைகளைத் தெரிந்தவர்கள் யாரும் இதை மறுக்கமாட்டார்கள்.

ஆகவே, ஆசிரியருக்கும் இந்தப் பாட்டுக்காரனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்களே, தொடர்பு இதுதான். அந்தப் பிள்ளையைக் கடத்தியவர் நமது தொழிலைச் செய்தவர். அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை வாசிக்கிற கடமை மற்ற எல்லோரையும் விட நமக்குத்தான் கூட இருக்கிறது.

*

மூன்றாவது: முஸ்லிம்களுக்கு இதில் என்ன?

ஸ்பெஷல்ஸின் முதல் வெற்றிப் பாட்டு 1979இல் வந்த 'கேங்ஸ்டர்ஸ்'. அது எழும்பியது 'அல் கபோன்' என்ற பழைய ஜமெய்க்காப் பாட்டின் மேல். அதைச் செய்தவர் ப்ரின்ஸ் பஸ்டர். அவர் 1960களில் குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலியைச் சந்தித்த பிறகு இஸ்லாத்தின் பக்கம் வந்து, முஹம்மத் யூசுஃப் அலி என்று பெயரை மாற்றிக்கொண்டவர். கறுப்பு வெள்ளைக் கட்டத்தின் அடியில் ஒரு முஸ்லிமின் இசை இருந்தது. எத்தனை பேருக்குத் தெரியும்?

2003. மார்ச் மாதம் ஈராக் மேல் படையெடுப்பு. மேற்கு நாடுகளில் அரபுப் பெயர் இருந்தாலே சந்தேகம். அந்த வருடம் டெரி ஹோல், ஃபன்-டா-மென்டல் குழுவில் இருந்த முஷ்தாக்கோடு சேர்ந்து 'த அவர் ஒஃப் டூ லைட்ஸ்' என்ற அல்பத்தை வெளியிட்டார். அரபு இசை, யூத இசை, ஜிப்ஸி இசை எல்லாம் அதற்குள் கலந்திருந்தன. அல்ஜீரியாவிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்த கலைஞர்கள், போலந்திலிருந்து அகதிகளாக வந்த ஜிப்ஸி இசைஞர்கள் என்று பலரும் பங்கெடுத்தார்கள். அது பெரிதாக விற்கவில்லை. விற்காது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். 1979இல் கறுப்பின நண்பர்களோடு நின்றவர், 2003இல் யாரை எல்லோரும் தள்ளி வைத்தார்களோ அவர்களோடு போய் நின்றார். "அதற்குப் பிறகு என்ன செய்தார்" என்று கேட்டவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

2017 ஏப்ரல். பேர்மிங்ஹாம் நகரம். 'இங்கிலிஷ் டிஃபென்ஸ் லீக்' என்ற முஸ்லிம் எதிர்ப்புக் கூட்டம் ஆர்ப்பாட்டம் செய்கிறது. ஹிஜாப் அணிந்த ஒரு பெண்ணை அவர்களில் சிலர் சூழ்ந்துகொள்கிறார்கள். சஃபியா கான் என்ற இளம்பெண் நடுவில் போய் நிற்கிறார். தந்தை வழியும் தாய் வழியும் பாகிஸ்தானையும் பொஸ்னியாவையும் தொடுகிற பிள்ளை. முகத்துக்கு நேரே வந்து கத்துகிற ஆளைப் பார்த்து, கையைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சிரிக்கிறார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. நீங்களும் பகிர்ந்திருப்பீர்கள். நிறையப் பேர் பார்க்காமல் விட்டது ஒன்று: அவர் அணிந்திருந்த டீ-சேர்ட் ஸ்பெஷல்ஸுடையது.

ஸ்பெஷல்ஸின் முதல் அல்பம் வந்து 38 வருடம் கழித்து நடந்தது இது. அந்தப் பிள்ளை 1979இல் பிறந்திருக்கவும் இல்லை. யாரோ அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். வாப்பாவோ, உம்மாவோ, நண்பரோ, பழைய இசைத்தட்டோ. மறக்காத மனிதர்கள் இருந்தபடியால்தான் அது அவர் கைக்கு வந்து சேர்ந்தது. நீங்கள் பகிடி பண்ணுகிற அந்த அன்பு செய்த வேலை இது. ஹிஜாப் போட்ட ஒரு சகோதரிக்கு முன்னால் ஒரு பிள்ளை வந்து நின்றபோது, அந்த அன்பும் கூடவே வந்து நின்றது.

கதை அதோடு முடியவில்லை. குழு அவரைக் கூப்பிட்டது. 2019இன் 'என்கோர்' அல்பத்தில் 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' என்று சஃபியா கானின் குரலில் ஒரு பகுதி இருக்கிறது. அது யாருக்குப் பதில் தெரியுமா? மேலே சொன்ன அதே ப்ரின்ஸ் பஸ்டருக்கு. அவர் முன்பு, பெண் எப்படி அடங்கி நடக்க வேண்டும் என்று பத்துக் கட்டளைகள் போட்டு ஒரு பாட்டுச் செய்திருந்தார். அதற்கு ஒரு இளம்பெண் பத்துக் கட்டளைகளால் திருப்பிப் பதில் சொன்னார். தாங்கள் மிகவும் நேசித்த முன்னோடி ஒருவரை, அவர் பிழை விட்ட இடத்தில் பிழை என்று சொல்ல, அறுபது வயது ஆண்கள் தங்கள் அல்பத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். நேசிப்பவரைக் கேள்வி கேட்டால் நேசம் குறைந்துவிடும் என்று நினைக்கிற நமது சமூகம் இதை ஒரு தரம் நின்று பார்க்க வேண்டும்.

*

பகிடி பண்ணுகிறவர்களை மட்டும் ஏசிவிட்டுப் போனால் அது நீதி இல்லை. ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களிலும் ஒரு கூட்டம் இருக்கிறது.

கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பட்ஜ் குத்திக்கொண்டு, டெரி ஹோல் படத்தைப் போட்டு, "எங்கள் காலம் போல வருமா" என்று எழுதுவார்கள். அடுத்த பதிவில், படகில் வந்த அகதிகளைத் திருப்பி அனுப்பு என்று எழுதுவார்கள். அந்தப் பதிவுகளை நாங்களும் பார்த்திருக்கிறோம். இவர்கள் பாட்டைக் கேட்டார்களா, தாளத்துக்கு மட்டும் கால் ஆட்டினார்களா? 1980இலும் கச்சேரியில் சல்யூட் அடித்த கூட்டம் அதே பாட்டுக்குத்தான் ஆடியது. ஆடத் தெரிந்தவர் எல்லோரும் கேட்டவர் அல்ல.

அது இளமை ஏக்கம்தான். அதற்கு நீங்கள் என்ன பேர் வைத்தாலும் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை.

டெரி ஹோலை அவுலியா ஆக்கவும் நாங்கள் வரவில்லை. குழுவைத் தொடங்கிய ஜெரி டாமர்ஸ் இல்லாமல்தான் 2009இல் ஸ்பெஷல்ஸ் மேடை ஏறியது. அது பல ரசிகர்களுக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். 'கோஸ்ட் டவுன்' எழுதியது டாமர்ஸ். இரண்டு நிறம் என்ற எண்ணமே அவருடையது. அவரை விட்டுவிட்டு ஸ்பெஷல்ஸ் பற்றிக் கதைப்பது அரைக் கதை. டெரி ஹோல் ஒரு மனிதர். நண்பர்களோடு முரண்பட்டார், விட்டுப் போனார், திரும்பி வந்தார், நோயில் விழுந்தார், எழும்பினார். 'என்கோர்' அல்பத்தில் மனச்சோர்வு என்ற மனிதனின் வாழ்க்கைக் கதை போல ஒரு பாட்டையும் வைத்தார். அந்த வயதில், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, எனக்கு மனம் சரியில்லை என்று நாட்டின் முதலிட அல்பத்தில் சொல்ல ஒரு துணிவு வேண்டும். நமது ஆண்களில் எத்தனை பேர் அதைத் தங்கள் மனைவியிடமாவது சொல்வார்கள்?

குறை உள்ள மனிதர், குறையை மறைக்காத மனிதர் என்பதால்தான் அந்த அன்பு நாற்பது வருடம் தாக்குப் பிடித்தது. பளபளப்பான எத்தனையோ பொப் முகங்களை அந்தத் தலைமுறை மறந்துவிட்டது.

*

கடைசியாக, ஆசிரியர்களுக்கு.

நமது பிள்ளைகள் இன்றைக்குப் பதினாறு வயதில் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? கையில் ஃபோன் இருக்கிறது. அதில் ஒரு நாளைக்கு நூறு முகம் வந்து போகிறது. அவற்றில் எது அவர்களுக்கு உண்மை சொல்கிறது, எது பொருள் விற்கிறது, எது வெறுப்பை விற்கிறது என்று பிரித்துப் பார்க்க நாங்கள் படிப்பிக்கிறோமா? அல்லது "இதெல்லாம் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு நமது ஃபோனைப் பார்க்கிறோமா?

ஒரு பிள்ளை ஒரு பாடகரை, ஒரு விளையாட்டு வீரரை, ஒரு எழுத்தாளரை உயிராக நேசிக்கிறது என்றால், பகிடி பண்ண முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: "அவரில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது?" கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருங்கள். அந்தப் பதிலுக்குள் பிள்ளையின் வீடு இருக்கும், பயம் இருக்கும், யாரிடமும் சொல்லாத விஷயம் இருக்கும். பகிடி பண்ணினால் அந்தக் கதவு மூடிவிடும். பிறகு எந்த ஆலோசனை ஆசிரியர் வந்தாலும் திறக்காது.

கொவென்ட்ரி அந்தப் பாட்டை மறைக்கவில்லை. ஊரைப் பேய் நகரம் என்று பாடியவர்கள் மேல் கோபம் வர நியாயம் இருந்தது. ஆனால் 2021இல் கொவென்ட்ரி பிரித்தானியாவின் கலாசார நகரமாக இருந்த வருடம், அங்கே உள்ள ஹெர்பர்ட் கலைக்கூடத்தில் டூ டோன் இசைக்கென்றே பெரிய கண்காட்சி வைத்தார்கள். தன் குறையைச் சொன்ன பிள்ளைகளைத் தன் பெருமையாக ஏற்றுக்கொள்ள ஒரு ஊரால் முடிந்தது. நமது ஊர்களில், குறையைச் சொன்ன பிள்ளையை என்ன செய்கிறோம் என்று யோசியுங்கள்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள், பதில் சொல்வோம். ஆனால் "ஒரு பாட்டுக்காரனுக்கு இவ்வளவா" என்று திரும்பவும் எழுத வருகிறவர்கள், அதற்கு முதல் ஒரு பெயரை எழுதிவிட்டு வாருங்கள்: நாற்பது வருடத்துக்குப் பிறகு, உங்களிடம் படித்த பிள்ளை ஒன்று, இவர் என்னைக் கைவிடவில்லை என்று நன்றியோடு நினைக்கப்போகும் ஒரு ஆசிரியரின் பெயர். அது உங்களுடைய பெயராக இருந்தால் நாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம்.